முதலில் தாங்கியைப் பார்

பழைய கார் ஒன்று ஓட்டத்தில் கோளாறு செய்தால் அதைச் சொல்ல ஈழத்துப் பேச்சுத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. முக்குது என்பார்கள், இழுக்குதில்லை என்பார்கள், குத்திக் குத்திப் போகுது, மிஸ் அடிக்குது, கடைசியில் நிண்டுபோச்சு. வெளியாளுக்கு எல்லாம் ஒரே நோயின் பல பெயர்கள்தான். கராஜில் நிற்பவருக்கோ ஒவ்வொரு சொல்லும் எஞ்சினின் ஒவ்வோர் இடத்தைக் காட்டும் கைகாட்டி. மோட்டார்க் கைநூல்கள் பெரும்பாலும் தீப்பொறியிலிருந்து தேடத் தொடங்கச் சொல்லும். பிளக்கைக் கழற்று, கரண்ட் அடிக்கிறதா பார், அதன்பிறகு எண்ணெய், அதன்பிறகு காற்று என்று அந்த வரிசை போகும். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிக் கிடக்கும் ஊர்களுக்கு இந்த வரிசை பொருந்தவில்லை. இங்கே முதற்கேள்வி தாங்கியைப் பற்றியது. அதற்குள் கிடப்பது என்ன, எந்தக் கரையில் ஊற்றியது, எத்தனை மாதமாகக் கிடக்கிறது? இந்தக் கேள்வி முன்னால் வந்ததற்கு எஞ்சினில் காரணம் இல்லை. காரணம் வரலாற்றில் இருக்கிறது. அந்நியச் செலாவணியும் போரும் பொருளாதாரத் தடையும் தாங்கிக்குள் எதை ஊற்றினவோ அதற்கேற்ப நோயும் மாறியது, நோயறியும் முறையும் மாறியது. அந்த முறையை ‘கஷ்டகாலத்துச் சமாளிப்பு’ என்று முதுகில் தட்டிவிட்டுக் கடந்துபோகிறோம். ஒழுங்கான தொழில் அறிவாக அதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கார்களிலிருந்து தொடங்கலாம். மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி ஓயும்வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதனுடனும் அதைத் தொடர்ந்தும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகியவை இலங்கைக்கு வந்தன. ஏ40 என்பதை ‘ஏ போட்டி’ என்றே தமிழர் அழைத்தார்கள். ஒஸ்ரின் என்ற பெயர் அதற்குள் மறைந்துபோனது. திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 வரை இருந்தது. கப்பற்பட்டறையில் உலோகத்தை அராவவும் பொருத்தவும் இயந்திரத்தைப் பிரித்துச் சேர்க்கவும் பழகிய கைகள் இந்த ஊரில் இருந்தன. தளம் கைமாறிய சில ஆண்டுகளிலேயே இன்னொரு கதவும் மூடியது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை ஒன்றரைத் தசாப்தத்துக்கும் மேலாக இருந்த கார்களே ஓடின. பத்து வருடத்துக்குச் செய்த எஞ்சின் இருபத்தைந்து வருடம் ஓட வேண்டியிருந்தது. எரிபொருளும் இதே காலத்தில் அரசின் கைக்குப் போனது. 1961இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் தோன்றியது. ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ நிறுவனங்களின் விநியோகம் அதன் வசமானது. இதன் தொடர்ச்சியாக அமெரிக்கா 1963இல் உதவியை நிறுத்தியது. மூலைக்கடைப் பெற்றோல் செட்டில் நின்ற மனிதருக்கு இந்த உலக அரசியல் அன்றைக்குப் புரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. அவர் காருக்குள் அது ஏற்கெனவே ஊற்றப்பட்டுவிட்டது.

உதிரிப்பாகம் கிடைக்காத ஊரில் நோயறிதல் வேறு விதமாக வளரும். பாகம் தாராளமாகக் கிடைக்கும் பட்டறையில் மெக்கானிக் மாற்றிப் பார்த்து அறிகிறார். கொயிலை மாற்று, சரிவரவில்லையா, கண்டென்சரை மாற்று, அதுவும் இல்லையா, பம்பை மாற்று. எது மாற்றியதும் எஞ்சின் ஓடுகிறதோ அதுதான் குற்றவாளி. இதை அறிவு என்று சொல்லலாமா என்றால் சொல்லலாம், ஆனால் பணத்தால் வாங்கிய அறிவு. ஒரேயொரு கண்டென்சரை வாங்கக் கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டிய இடத்தில் அந்த வழி செல்லாது. தவறான ஊகத்துக்குக் கொடுக்கும் விலை அங்கே மிக அதிகம். ஆகவே கழற்றுவதற்கு முன்னமே முடிவுக்கு வந்தாக வேண்டும். அதற்கு நோயின் போக்கைக் காதாலும் மூக்காலும் கேள்வியாலும் கறந்தெடுக்க வேண்டும். நம் நாட்டில் கைத்தொழில் வல்லவரை மூன்று மொழிக்காரரும் பாஸ் என்றே அழைக்கிறார்கள். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் அது. எசமான் என்று பொருள். கராஜ் பாஸ் முதலில் கேட்பது காரைப் பற்றி இராது, ஓட்டத்தைப் பற்றி இருக்கும். எப்போது நிண்டது, ஏற்றத்திலா, சமதரையிலா, சூடேறிய பிறகா, விட்ட கொஞ்ச நேரத்திலா, நிற்கும்போது எப்படி நிண்டது?

கடைசிக் கேள்விதான் தங்கம். கரண்ட் போனால் எஞ்சின் வெட்டினாற்போல் நிற்கும். எண்ணெய் போனால் முக்கி முக்கி, இரண்டு தரம் குத்தி, அதன்பிறகே நிற்கும். காரணம் எளிது. தீப்பொறி இருக்கும் அல்லது இல்லை. எரிபொருளோ குறைந்து குறைந்து போகும், காபரேற்றரின் மிதவை அறையில் மிச்சமிருக்கும் கொஞ்சத்தைக் குடித்துத் தீர்க்கும்வரை எஞ்சின் தத்தளிக்கும். மொறிஸ் மைனரின் எஸ்.யூ. மின்பம்ப் இன்னும் தெளிவாகப் பேசும். சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்து, மிதவை அறை நிரம்பியதும் ஓய வேண்டும். ஓயாமல் வேகமாக அடித்தால் எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்கிறது. தாங்கி வறண்டிருக்கும், அல்லது குழாயில் எங்கோ இணைப்புத் தளர்ந்திருக்கும். சத்தமே இல்லையென்றால் பம்பின் உள்ளே உள்ள பொயின்ற் கருகி ஒட்டியிருக்கும். ஸ்பனரின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டினால் உயிர் வரும். தட்டியதும் ஓடியது என்பதே நோய் எங்கே என்பதற்குச் சான்று. எஸ்.யூ. காபரேற்றரில் இன்னொரு நுட்பம் உண்டு. காற்றின் இழுவைக்கேற்ப ஏறி இறங்கும் பிஸ்டன் ஒன்றும், அதனடியில் ஜெற்றுக்குள் போய்வரும் கூரிய ஊசி ஒன்றும் அதில் இருக்கின்றன. பிஸ்டன் சட்டென்று எகிறாதபடி மேலே உள்ள சிறு குழாயில் கொஞ்சம் மெல்லிய ஒயில் விட்டிருப்பார்கள். அந்த ஒயில் வற்றினால் அக்சிலேற்றரை மிதித்த கணத்தில் பிஸ்டன் துள்ளி எழும், காற்று முந்தும், எண்ணெய் பிந்தும், எஞ்சின் ‘முக்கும்’. சமமாக ஓடும்போது குறையே தெரியாது. மிதிக்கும்போது மட்டும் முக்குகிறது என்று வண்டிக்காரர் சொன்னால், நல்ல பாஸ் மற்ற எதையும் தொடுமுன் அந்தப் பித்தளை மூடியைத் திருகிப் பார்ப்பார். ஒரு தேக்கரண்டி ஒயிலில் தீரும் நோய்க்குக் காபரேற்றர் முழுவதையும் பிரித்துப்போட்ட கதைகள் எல்லா நாட்டிலும் இருக்கும்.

இதுவரை சொன்னது மைனர் ஓடிய எந்த ஊருக்கும் பொது. திருகோணமலைக்கும் அதனைச் சூழ்ந்த வடகிழக்குக்கும் தனியான பகுதி இனித்தான் வருகிறது. அது மண்ணெண்ணெயின் கதை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் பெற்றோல் போவது தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் அளந்து போனது. விளக்குக்கும் அடுப்புக்கும் அதுதான். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை இன்று ஐம்பதைத் தாண்டிய எவரும் அறிவர். சிறு போத்தலில் சேமித்த சில துளிப் பெற்றோலைக் காபரேற்றருக்குக் காட்டி எஞ்சினை எழுப்புவது, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது என்பதே முறை. வீதியெங்கும் அந்தப் புகையும் மணமும். இதைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக வியப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். ‘எங்கட சனம் எதையும் சமாளிக்கும்’ என்ற பெருமிதம் வரும். பெருமிதத்தில் தவறில்லை. ஆனால் அது ஒரு கேள்வியை விழுங்கிவிடுகிறது: பெற்றோலுக்கென்று செய்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடும் என்று யாருக்கு எப்படித் தெரிந்திருந்தது?

தெரிந்திருந்தது, ஏனென்றால் தோட்டத்திலும் கடலிலும் அது முன்னமே ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறைக்கும் சிறு மெசின்கள் பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. தாங்கியிலேயே இரண்டு அறை இருக்கும், ஒரு திருகில் மாறும். மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன, இன்றைக்கும். கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள மீனவருக்கு ‘பெற்றோலில் எழுப்பு, மண்ணெண்ணெயில் ஓட்டு, நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு வா’ என்பது அன்றாடச் சடங்கு. கடைசியாகச் சொன்னது முக்கியம்: மிதவை அறையில் பெற்றோல் நிரம்பிய நிலையில் நிறுத்தினால்தான் அடுத்த தடவை எழும்பும். இது ஈழத்தின் தனிக் கண்டுபிடிப்பும் இல்லை. பிரித்தானிய உழவர்கள் போர்டுசன், பேர்கசன் உழவு இயந்திரங்களை இதே முறையில் ஓட்டினார்கள். வரி குறைந்த, மண்ணெண்ணெயையொத்த எண்ணெய் ஒன்று அங்கே உழவு இயந்திரத்துக்கென்றே விற்றது. எஞ்சின் ஆறிவிடாமலிருக்க றேடியேற்றருக்கு முன்னால் திரை மறைப்பும் வைப்பார்கள். ஆகவே 1990இல் நடந்தது புதுப்படைப்பு என்பதைவிட இடமாற்றம் என்பதே பொருத்தம். தோட்டத்து மெசினின் அறிவு காருக்கு ஏறியது. இப்படிச் சொல்வதால் அந்தச் செயலின் பெருமை குறையாது, கூடும். ஒரு துறையின் விதியை இன்னொரு துறைக்குப் பொருத்த, விதியின் காரணம் புரிந்திருக்க வேண்டும்.

காரணம் இதுதான். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைக் கொடுக்கும். மண்ணெண்ணெய்க்கு அதற்கு 38 பாகைக்கு மேல் வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகப் போகாமல் துளியாகப் போகிறது. துளி எரிவதற்குள் பிளக்கை நனைத்துவிடுகிறது. சூடான எஞ்சினில் அதே எண்ணெய் தாராளமாக எரியும். இரண்டாவது வேறுபாடு ஒக்டேன். மண்ணெண்ணெய்க்கு அது மிகக் குறைவு. அமுக்கம் கூடிய எஞ்சினில் காலத்துக்கு முன்னரே வெடித்து உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோல் ஒலிக்கும். ஆரம்பகால மைனரின் 918 கனசென்ரிமீற்றர் எஞ்சினின் அமுக்க விகிதம் ஏழுக்கும் குறைவு. ஏ போட்டிக்கு ஏழைக் கொஞ்சம் தாண்டும். பிற்கால 1098 எஞ்சினுக்கு எட்டையும் தாண்டும். அப்படியானால் எது மண்ணெண்ணெயைத் தாங்கும் என்பதைக் காரின் வயதே சொல்லிவிடுகிறது. புதிது நல்லது, பழையது கூடாது என்ற வாகனச் சந்தையின் விதி இங்கே தலைகீழ். 1977க்குப் பின் வந்த ஜப்பானியக் கார்கள் கூடிய அமுக்கத்தோடும் நுணுக்கமான காபரேற்றரோடும் வந்தவை. தடைக்காலத்தில் மூலையில் கிடந்த கிழட்டு ஏ போட்டி அவற்றைக் காட்டிலும் பயன்பட்டதில் மர்மம் எதுவுமில்லை.

நோயறியும் முறை மாறியது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுதான் இதயம். ஒரே அறிகுறி, எண்ணெய் மாறியதும் எதிர்ப்பொருள் கொடுக்கத் தொடங்கியது. பெற்றோலில் ஓடும் பழைய எஞ்சின் சூடேறியபின் நின்றால், வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்திருக்கும். பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்சம் பொறுத்தால் ஓடும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு இந்த அடைப்பு வர இயலாது. சூட்டில் அது நின்றால் சந்தேகம் நேரே கொயில், கண்டென்சர் பக்கம் போக வேண்டும். மாறாக, ஆறியதும் நின்றால், அல்லது சமதரையில் நன்றாக ஓடி இறக்கத்தில் கால் எடுத்தபோது அணைந்தால், பெற்றோல் எஞ்சினில் அது ஜெற் அடைப்பாகவோ காற்றுக் கசிவாகவோ இருக்கும். மண்ணெண்ணெய் எஞ்சினில் அது நோயே இல்லை, எண்ணெயின் இயல்பு. மெதுவோட்டத்தைக் கூட்டிவை, ஆறவிடாதே என்பதற்கு மேல் மருந்து தேவையில்லை. புகைக்கும் இதே கதைதான். பெற்றோல் எஞ்சினில் வெள்ளைப் புகை நீடித்தால் தலைக் கஸ்கெற் போய் றேடியேற்றர் தண்ணீர் உள்ளே வருகிறதோ என்ற பயம் வரும். மண்ணெண்ணெய் எஞ்சினில் அது எரியாத எண்ணெயாக இருக்கலாம், மூக்கு சொல்லிவிடும். சம்ப்பில் ஒயில் மட்டம் குறைவது வழக்கமான நோய். மண்ணெண்ணெய் காலத்தில் மட்டம் ஏறுவதே நோய்: எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கிறது. அளவுக்கம்பியைத் துடைத்து விரலிடையில் தேய்த்து மோந்து பார்த்தால் போதும். அறிகுறி ஒன்றாகவும் பொருள் இரண்டாகவும் இருக்கும்போது, எந்த மொழியில் பேசுகிறது என்று முதலில் கேட்காமல் எஞ்சினோடு பேச முடியாது. தாங்கியை முதலில் பார்ப்பதன் நியாயம் இதுவே.

இது யாழ்ப்பாணத்துக் கதை, திருகோணமலையை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கலாம். நியாயமான ஆட்சேபம். மண்ணெண்ணெய்க் கார்களைப் பற்றிச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி குடாநாட்டைப் பற்றியதுதான். திருகோணமலை நகரம் போர்க்காலம் முழுவதும் அரசின் கையில் இருந்தது; அங்கே பெற்றோல் செட் இயங்கியது. ஆனால் அந்தக் காரணத்தாலேயே இம்மாவட்டம் கூடுதல் சான்றாகிறது. கொட்டியாரக் குடாவின் ஒரு கரையில் பெற்றோல். மறுகரையில் சம்பூர், ஈச்சிலம்பற்று போன்ற இடங்கள் புலிகளின் கட்டுப்பாட்டில். மூதூரை அடுத்த கட்டைபறிச்சான் சோதனைச்சாவடி இரண்டையும் பிரித்தது. சம்பூர் 2006 செப்டெம்பரில் படையினர் வசமாகும் வரையாவது இந்தப் பிளவு நீடித்தது. ஆக ஒரே மாவட்டத்துக்குள் இருவகை எண்ணெயும் இருவகை நோயும் அருகருகே இருந்தன. எந்தக் கரையில் ஊற்றியது என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் இல்லாத கூர்மை இங்கே உண்டு. தவிர, இங்கே கடலும் ஆறும் வீதியை வெட்டிக்கொண்டே போயின. ஏ15 வீதியில் மட்டக்களப்பை நோக்கிப் போகிறவர் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று துறைதுறையாகப் ‘பாதை’யில் ஏற வேண்டும். மிதவைப் படகைப் பாதை என்று அழைக்கும் வழக்கம் கிழக்கில் உண்டு. வீதி முடிகிற இடத்தில் தொடங்குவதைப் பாதை என்றதில் ஒரு குறும்பும் இருக்கிறது. பழைய எஞ்சினுக்குத் துறை ஒரு பரீட்சை. ஓடிவந்த சூட்டோடு பெற்றோல் எஞ்சினை நிறுத்தினால் காற்றோட்டம் நின்று, காபரேற்றரில் உள்ளது கொதித்து, மறுகரையில் எழும்ப அடம்பிடிக்கும். மண்ணெண்ணெய் எஞ்சினோ வரிசையில் காத்திருந்த நேரத்தில் ஆறிப்போய், பெற்றோல் துளி இல்லாமல் எழவே எழாது. ஒரே துறை, எதிரெதிர்க் கோளாறு. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரிலும் மற்றப் பாலங்கள் 2011க்குள்ளும் திறக்கும்வரை இந்தப் பரீட்சை தொடர்ந்தது.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. மண்ணெண்ணெய் எஞ்சினைக் கெடுத்தது, அதை அறிவு என்று எப்படிக் கொண்டாடுவது? கெடுத்தது உண்மை. ஒயில் நீர்த்துப்போனால் பேரிங்கும் பிஸ்டன் வளையமும் தேயும், கரி படியும், பிளக் அடிக்கடி கறுக்கும். ஆனால் மருத்துவத்தை நோயாளி சாவாரா மாட்டாரா என்பதைக் கொண்டு மட்டும் அளப்பதில்லை. கையிலிருந்த மருந்தை வைத்து எத்தனை நாள் நீட்டினார்கள் என்றும் பார்ப்போம். ஒயிலை முந்தி மாற்று, சூடேறாமல் மாற்றாதே, ஏற்றத்தில் அடிச்சத்தம் கேட்டால் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளு என்ற விதிகள் சேதத்தைத் தெரிந்துகொண்டே அதை மெதுவாக்கும் விதிகள். கேடு தெரியாமல் ஊற்றியவன் ஒரு மாதத்தில் எஞ்சினைத் தின்றான். தெரிந்து ஊற்றியவன் நோயாளியை வைத்தியசாலைக்கும் நெல்லை ஆலைக்கும் கொண்டுபோனான். இந்த வேறுபாடுதான் அறிவு என்பது. தடைக்காலம் முடிந்தபின்னும் எண்ணெய் எஞ்சினின் நோயை மாற்றிக்கொண்டே இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2002இல் இலங்கை ஈயம் கலந்த பெற்றோலை நிறுத்தியது. நல்ல முடிவு; பிள்ளைகளின் மூளைக்கு ஈயம் நஞ்சு. ஆனால் பழைய பிரித்தானிய எஞ்சின்களின் வார்ப்பிரும்பு வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயம்தான் மெத்தையாக இருந்தது. மெத்தை போனதும் வால்வு இருக்கைக்குள் அமிழத் தொடங்கும், இடைவெளி மூடும், அமுக்கம் கசியும், எஞ்சின் இழுக்காது. காபரேற்றரை எத்தனை தரம் கழுவினாலும் தீராது. இடம்பெயர்ந்தபோது விட்டுப்போன கார்களுக்கு வேறொரு நோய். ஆண்டுக்கணக்கில் பாதித் தாங்கியோடு கடற்காற்றில் நின்ற வண்டியில் உப்பீரமும் மாரிகால ஈரமும் சேர்ந்து தகரத்தை உள்ளிருந்து தின்றிருக்கும். எழுப்பினால் எழும்பும், நின்ற இடத்தில் நன்றாக ஓடும், பாரம் ஏற்றி மிதித்தால் முக்கி நிற்கும்: துருப்பொடி வடிகட்டியில் கூடி, கொஞ்ச எண்ணெய்க்கு வழிவிட்டு நிறைய எண்ணெய்க்கு மறிக்கிறது. நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால் பொடி கீழே படிந்து மறுபடி ஓடும். இந்த ‘கொஞ்ச நேரம் விட்டால் ஓடுது’ என்ற சொல்லைக் கொயிலின் குற்றமென்று நம்பிக் கொயில் வாங்கியவர்கள் பலராக இருப்பார்கள்.

இத்தனைக்கும் நடுவே திருகோணமலைச் சீனக்குடாவின் காட்டுக்குள் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. உலகப் போர்களுக்கிடையே பிரித்தானியர் தம் போர்க்கப்பல்களுக்காகக் கட்டியவை. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு தாங்கி எரிந்தது. எண்ணெய்க் கடலுக்குப் பக்கத்தில் சனம் மண்ணெண்ணெய்க்கு அலைந்தது என்று இதை ஒரு முரணாக எழுதுவது எளிது. நான் அந்த எளிமையை நம்பவில்லை. அந்தத் தாங்கிகள் கப்பல் கொதிகலனுக்கான கனத்த எண்ணெய்க்காகக் கட்டியவை, காருக்கான பெற்றோலுக்கல்ல. போர்க்காலத்தில் அவற்றில் பெரும்பாலானவை வெறுமையாய்க் கிடந்தன. துறைமுகம் யாருடைய எண்ணெய்க்காகக் கட்டப்பட்டதோ அவர்கள் போனபின் அது ஊரின் எண்ணெய்க்குத் துறைமுகமாக மாறவில்லை என்பதே சரியான குற்றச்சாட்டு. இந்திய எண்ணெய் நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி. 2003இல் வந்து கீழ்ப்பகுதித் தாங்கிகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2022 ஜனவரி உடன்படிக்கையில் 14 அதற்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த நிறுவனத்துக்கும் என்று பிரிந்தது.

இன்றைய வாகனத்தில் கணினி இருக்கிறது, ஸ்கானரைச் செருகினால் கோளாற்றின் எண் திரையில் வரும், உங்கள் பாஸின் மூக்குக்கு இனி என்ன வேலை என்பது கடைசி ஆட்சேபம். ஸ்கானரைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை. மூக்கால் முடியாத பலதை அது செய்கிறது. ஆனால் அது உணரிகளைக் கேட்கும், எண்ணெயைக் கேட்காது. கலவை வறண்டுவிட்டது என்று எண் காட்டும். தாங்கியில் தண்ணீர் கலந்ததாலா, பம்ப் தளர்ந்ததாலா, எங்கோ காற்று கசிவதாலா என்று சொல்லாது. அந்த இடத்தில் மறுபடி கேள்வி கேட்க ஒரு மனிதர் வேண்டும். நம் நாட்டில் எண்ணெய் ஒருபோதும் நிலையாக இருந்ததில்லை என்பதையும் மறக்கக்கூடாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் 2022இன் எண்ணெய் வரிசைகள், எண்ணெயை அளந்து கொடுத்த கியூ.ஆர். அட்டை, கானில் சேமித்துக் கிடந்த பெற்றோல். இருந்த வண்டியையே ஓட்ட வேண்டிய காலம் 1960களுக்குப் பிறகு இன்னொரு தடவை வந்து போயிருக்கிறது. கானில் மாதக்கணக்காகக் கிடந்த பெற்றோல் எளிதில் ஆவியாகும் பகுதியை இழந்து, எழும்ப மறுக்கும் எண்ணெயாக மாறுவதும் அதனோடு வந்தது.

மண்ணெண்ணெயின் காலம் மட்டும் திரும்பாது. அதன் பயன்பாடு எப்போதும் ஒரே அடித்தளத்தில் நின்றது: ஏழையின் விளக்குக்கென்று அரசு அதை மலிவாக வைத்திருந்தது. 2022 ஆகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் ஏறியது. அதன்பின் மண்ணெண்ணெய் விலையைக் கேட்டுத் திகைத்து நின்றவர்கள் கார்க்காரர்கள் இல்லை, கொட்டியாரக் குடாவில் வெளியிணைப்பு இயந்திரத்தோடு கடலுக்குப் போகிறவர்கள்.